வித்தா எவ்வளவு வரும்?

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வீடியோதான் எல்லாக் குழுவிலும் சுற்றுகிறதே. தீவுகளின் ஸ்டாம்புகளை ஒட்டி எடுத்து வந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் மைக்கை நீட்டி, "இதையெல்லாம் வித்தா எத்தனை ரிங்கிட் வரும்?" என்று கேட்டார் பிரமுகர். கூட்டம் சிரித்தது. அவள் ஆல்பத்தை மூடிவிட்டாள்.

பிள்ளையிடம் கேட்கிற முதல் கேள்வியா அது? அவள் திறந்து வைத்திருந்தது தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் டிரிஸ்டன் டா குன்யா பக்கம். 1961இல் எரிமலை வெடித்து, ஊரே இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தீவு. 1963இல் பெரும்பாலோர் எங்கள் மண்ணே போதும் என்று திரும்பிப் போனார்கள். அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

என் தாத்தா இங்கே பினாங்குத் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. கடிதத்தின் மூலையைக் கத்தரித்து, பேசின் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய நாளிதழுக்குள் வைத்துக் காயவைப்பார். கிறிஸ்துமஸ் தீவு ஸ்டாம்பைக் காட்டித்தான் எனக்கு வரலாறு சொன்னார். சிங்கப்பூரோடு இருந்த தீவு, 1958இல் ஆஸ்திரேலியா கைக்குப் போனது. ஆனால் அந்த ஆண்டு வந்த ஸ்டாம்பில் விலை மலாயா காசில்தான். ஆட்சி மாறினாலும் மக்கள் கையில் புழங்கிய பணம் மாறவில்லை என்பதை எனக்குப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. இன்றுவரை அவர் ஆல்பத்துக்கு நான் விலை கேட்டதில்லை.

"சின்னத் தீவுகள் காசுக்காகத்தானே அச்சடிக்கின்றன" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். அதனால் என்ன? பசிபிக் கடலில் இருக்கும் பிட்கெய்ர்ன் தீவில் இன்று ஐம்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். அங்கே 1940இல் ஸ்டாம்பு வந்தது, அந்த வருமானத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இதில் கேவலம் எங்கே இருக்கிறது?

"எல்லாம் கூகிளில் இருக்கே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

விலைதான் பேச வேண்டுமா? 1847இல் மொரிஷியஸ் வெளியிட்ட ஸ்டாம்புகள் இன்று கோடிக்கணக்கில் போகின்றன. அவற்றையும் யாரோ விலை பார்க்காமல் எடுத்து வைத்ததால்தான் மிஞ்சின. நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவு அது. நாம் மட்டும் என்ன? நாமும் தீவுக்காரர்கள்தானே! 1867இல் இந்திய ஸ்டாம்பின்மேல் கிரீடமும் சென்ட் விலையும் அச்சிட்டுத்தான் நீரிணைக் குடியேற்றங்களின், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த அன்றைய ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியின், முதல் ஸ்டாம்பே வந்தது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

நம் வீடுகளில் பிள்ளை பறவை பார்த்தாலும், உறுமி கற்றாலும், கவிதை எழுதினாலும் "இதனால என்ன கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறோம். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். படம் வரைவதை அந்த வயதிலேயே விட்டேன். அந்த வலி இன்னும் போகவில்லை. கோபமாக எழுதுகிறேன் என்பவர்கள் சொல்லட்டும், எனக்குக் கோபம்தான்.

தாத்தா சேர்த்ததில் இரட்டைப்படிகள் நிறைய இருக்கின்றன. ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் பக்கம் தீவு ஸ்டாம்பு சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கொடுக்கிறேன். பணம் வேண்டாம்.