மாணவர் பதிப்பகம் விளையாட்டு இல்லை

நேற்றைய கூட்டத்தில் மேடையில் பேசியவர் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாணவர்களே புத்தகம் போடும் மாணவர் பதிப்பகமெல்லாம் பிள்ளை விளையாட்டாம், வகுப்பில் ஒழுங்காகப் படித்துவிட்டுத் தொழிலுக்கு வர வேண்டுமாம். இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

புத்தகம் போடுவதைப் புத்தகம் போட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

ஒரு பாரத்துக்கு, அதாவது அச்சடித்து மடிக்கும் ஒரு பெரிய தாளுக்கு, 16 பக்கம் என்று வகுப்பில் நானும் எழுதி வைத்திருந்தேன், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்புறம் எங்கள் மாணவர் பதிப்பகத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு 162 பக்கத்தில் வந்து நின்றது. 10 பாரம் போக 2 பக்கம் மிச்சம், அதற்காக இன்னொரு தாள் ஓட்ட வேண்டும். ஏதாவது ஒரு கவிதையை எடுத்துவிடலாமா என்று எழுதியவரிடம் கேட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் பொருளடக்கத்தை நெருக்கி, ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்து, 160-க்குக் கொண்டுவந்தோம். ஒரு வரியும் போகவில்லை.

அடுத்த புத்தகத்தில் முதுகு, அதாவது முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவே வரும் பட்டை. 200 பக்கம் என்றால் 100 தாள். ஒரு தாள் 0.1 மி.மீ. என்று கணக்கிட்டு, முதுகுக்கு 10 மி.மீ. விட்டு அட்டையை முடித்துவிட்டேன். அச்சுக்குப் போகும் நேரத்தில் 0.13 மி.மீ. தாளுக்கு மாற்றினார்கள். அட்டையைத் திரும்பத் திறக்க எனக்குத் தோன்றவில்லை. வெறும் 3 மி.மீ.தான், ஆனால் பைண்டிங் முடிந்து வந்த எல்லாப் பிரதியிலும் முன்னட்டையின் நிறம் முதுகில் ஏறியிருந்தது. அன்று அழுதேன். தாள் உறுதியாகாமல் அட்டையைத் தொடுவதில்லை என்ற பழக்கம் அன்று வந்ததுதான். இதை எந்த வகுப்பு தரும்?

'அடுத்தவர் புத்தகத்தில்தான் பழக வேண்டுமா' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அட்டை கெட்டுப்போன அந்தப் புத்தகத்தின் எழுத்தாளருக்கு நான் பட்ட கடன் தீராது. அதனால்தான் அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் ப்ரூஃபை இரண்டு பேராவது படிக்க வேண்டும் என்கிறேன். பதிப்பகத்தையே மூடு என்பது அதற்குப் பதில் ஆகாது. மாணவர்களிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்பதும் சரிதான். உதவித்தொகை கேட்போம், சேர்ந்தே கேட்போம்.

அமெரிக்காவில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001-இல் தொடங்கிய ஊலிகன் பிரஸில் கையெழுத்துப் பிரதியைத் தேர்வு செய்வது முதல் விற்பனை வரை முதுகலை மாணவர்களே பார்த்தார்கள். அதையும் விளையாட்டு என்பாரா?

எனக்கு வலிப்பது வேறு. பேச்சின் தொடக்கத்தில் ஒரு நூலைத் தூக்கிக் காட்டி, பிழையே இல்லை, இப்படித்தான் போட வேண்டும் என்று பாராட்டினாரே, அது மாணவர்கள் போட்டது. பதிப்பு விவரப் பக்கத்தில் ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது. ப்ரூஃபை மூன்று முறை படித்தார்கள். ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும். அந்த ஐந்து பேரும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.