அளவெடுக்கக் கூலி கேட்டால் கொள்ளையா?

சனிக்கிழமையிலிருந்து ஒரு கார்ப் பட்டறையின் ரசீதுப் படம் எல்லாருடைய பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பழைய புரோட்டோன் விரா (மலேசியக் கார்), 1.5 எஞ்சின், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றியிருக்கிறார்கள். சாமான்களின் விலைக்குக் கீழே ஒரு வரி: "கேம் அளவு பார்த்தது, 450 வெள்ளி (ரிங்கிட்)." அந்த வரிக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "மாட்டக் கூலி தனி, பார்க்கக் கூலி தனியா? நம்ம ஆளே நம்மள ஏமாத்துறான்" என்று எழுதியாகிவிட்டது. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

அந்தப் பட்டறைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த ரசீதிலேயே மிக நியாயமான வரி அதுதான். கேமை மாட்டுவது சின்ன வேலை. அளப்பதுதான் வேலை.

என்ன அளக்கிறார்கள் என்று கேட்டவர்கள் பொறுமையாகப் படிக்கட்டும்.

விரா வந்தது 1993இல். இன்று ரோட்டில் ஓடும் விராக்களில் பல ஒரு தடவையாவது சூடேறி, ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) கழற்றி, ஸ்கிம் செய்யப்பட்டவை, அதாவது அதன் அடிப்பக்கம் இழைக்கப்பட்டவை. அதனால் கேம் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, பெடல் முழுக்க மிதித்தபடி. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேம் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் (பிஸ்டன் வளையம்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு).

ஸ்கிம் செய்த ஹெட் இரண்டு வேலை பண்ணும். வால்வை பிஸ்டனுக்குக் கிட்டே கொண்டுவரும். டைமிங் பெல்ட் ஓடும் தூரம் குறைவதால் கேம் டைமிங்கையும் (வால்வ் திறக்கும் நேரத்தையும்) கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். புல்லியில் உள்ள புள்ளி ஹெட்டில் உள்ள கோட்டோடு நேராக நிற்பதைப் பார்த்து "டைமிங் சரி" என்று மூடிவிட்டால், அந்தப் பழைய ஸ்கிம் கணக்கில் வரவே வராது. கேம் ஒரு டிகிரி நகர்ந்தால் கிராங்கில் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டில்) அது இரண்டு டிகிரி. பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டினால் கிராங்கில் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி போய்விடும்.

ஆகவே டிகிரி வீலை (டிகிரி குறித்த வட்டத் தகட்டை) கிராங்கில் மாட்டி, பிளக் ஓட்டை வழியாக பிஸ்டன் ஸ்டாப்பர் போட்டு, கையால் ஒரு பக்கம் முட்டும் வரை சுற்றி எண்ணைக் குறித்து, மறுபக்கமும் முட்டவிட்டுக் குறித்து, நடுப்புள்ளியை எடுத்தால்தான் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளி) கிடைக்கும். பிறகு வால்வ் ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தட்டு) மேல் டயல் கேஜை (நூலளவு அசைவையும் காட்டும் முள் மானியை) வைத்து, இன்டேக் வால்வ் (காற்று உள்ளே வரும் வால்வ்) எந்த டிகிரியில் முழுக்கத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். கேமோடு வந்த சீட்டில் 108 என்று இருந்து வண்டியில் 113 காட்டினால், அட்ஜஸ்டபிள் புல்லியை (டைமிங்கை நகர்த்த உதவும் சக்கரத்தை) திருப்பி மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது உயிர்நிலை: வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஹெட் கழற்றியிருந்தால் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை கேஸ்கெட்டோடு முடுக்கி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, பிறகு களிமண்ணை வெட்டி அளக்க வேண்டும். இன்டேக்கில் 2 மி.மீ., எக்சோஸில் (புகை வெளியேறும் வால்வில்) 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது இடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஓவர்லேப்பில் (இன்டேக், எக்சோஸ் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில்), டிடிசிக்கு 10 டிகிரி முன்னும் பின்னும்தான் வால்வும் பிஸ்டனும் மிக நெருங்கி வரும். எஞ்சின் 7000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7000 சுற்றில்) இருக்கும்போது எக்சோஸ் வால்வ் மூடச் சற்றுத் தாமதித்தாலும் பிஸ்டன் அதை எட்டிவிடும்.

ஸ்பிரிங் மறந்துவிடக் கூடாது. லிப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) கூடினால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும். முழு லிப்டில் இன்னும் 1.5 மி.மீ. சுருங்க இடம் வேண்டும். ரிட்டெய்னருக்கும் வால்வ் சீலுக்கும் நடுவிலும் அதே அளவு வேண்டும்.

இத்தனையும் முடிய அரை நாள் ஆகும், சில வண்டிக்கு ஒரு நாள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் அளவெடுக்காமல் துணியை வெட்டச் சொல்வோமா?

"யூடியூப்பில் ஒரு மத்தியானத்தில் மாட்டிவிட்டார்களே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மாட்டலாம் தம்பி. அந்தக் காணொளி ஸ்டார்ட் ஆகும் சத்தத்தோடு முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த வண்டி எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை.

"சீட்டுதான் கூடவே வருகிறதே, எதற்கு அளவு?" இது நல்ல கேள்வி. இங்கே விற்கும் கேம்களில் பல ரீகிரைண்ட், அதாவது ஒரிஜினல் கேமையே அரைத்து உருவம் மாற்றியது. அரைக்கும்போது கேமின் அடிவட்டம் (மூக்கு இல்லாத வட்டப் பகுதி) சிறுத்துவிடும். ராக்கர் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் கை) கொஞ்சம் தாழ்ந்து உட்காரும், அட்ஜஸ்டர் ஸ்குரூ அதிகம் இறங்க வேண்டியிருக்கும், ராக்கர் முனை வால்வ் தலையின் நடுவில் படாமல் ஓரமாகத் தேய்க்கும். சீட்டில் எழுதியிருக்கும் லிப்ட் கேமில் அளந்ததா, வால்வில் அளந்ததா என்றே சில சீட்டில் இருக்காது. சீட்டு சொல்வது அரைத்தவரின் மெஷின் கணக்கை. உங்கள் எஞ்சினின் ஹெட் எவ்வளவு தேய்ந்தது என்று அதற்குத் தெரியாது.

அளக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவு போக வேண்டாம். செந்தூல் பக்கம் ஒரு பட்டறைக்கு வந்த வண்டி: 272 டிகிரி கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம்), இரண்டரை இஞ்ச் நேர் எக்சோஸ் குழாய், ஸ்டாண்டர்ட் இசியூ (எஞ்சினை ஆளும் கணினி), டியூனிங் எதுவும் இல்லை. ஐட்லில் (பெடல் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்கும், பெட்ரோல் வாடை, வால்குழாயில் கரி. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார் அந்தப் பையன். ஜாலான் கூச்சிங் நெரிசலில் நின்று நின்று போகும்போது பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. அப்போதுதான் வண்டியைக் கொண்டுவந்தார். நல்ல ஸ்டாண்டர்ட் எஞ்சின் ஐட்லில் 18 முதல் 20 இஞ்ச் (பாதரச அளவு) வேக்யூம், அதாவது உறிஞ்சும் விசை, காட்டும். பெரிய கேமின் ஓவர்லேப் அதைத் தின்றுவிடும். பிரேக் பூஸ்டர் (பெடலை லேசாக்கும் கருவி) வாழ்வதே அந்த வேக்யூமில்தான். மேப் சென்சார் (அந்த வேக்யூமை அளக்கும் கருவி) உள்ள இசியூ வேக்யூம் குறைந்ததைப் பார்த்து, வண்டி பாரம் இழுக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கேம் கெட்டது என்று விற்றவரைத் திட்டினார்கள். கேமில் ஒரு குறையும் இல்லை. அளக்கவில்லை, டியூன் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

எக்சோஸிலும் இதே கதை. 1.5 எஞ்சினுக்கு இரண்டரை இஞ்ச் குழாய் எதற்கு? குழாய் பெரிதானால் புகையின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம் இழுவை போய்விடும். கோலாலம்பூரில் நாம் ஓட்டுவது 2000, 3000 ஆர்பிஎம்மில். இந்த எஞ்சினுக்கு ஒன்றே முக்கால் முதல் இரண்டு இஞ்ச் போதும். எக்ஸ்ட்ராக்டர் (ஹெட்டிலிருந்து புகையைச் சேர்த்து எடுக்கும் குழாய்கள்) எடுத்தால் 4-2-1, அதாவது நான்கு குழாய் இரண்டாகிப் பிறகு ஒன்றாவதை, எடுங்கள், நடு ஆர்பிஎம்மில் உதவும். 4-1 மேலே போகப் போகத்தான் கொடுக்கும், சிப்பாங் ரேஸ் ஓட்டத்துக்கு அது சரி. வளைவில் குழாய் நசுங்கியிருந்தால் உள் அளவு குறைந்துவிடும், கையால் தடவிப் பாருங்கள். பிளெக்ஸ் பைப் (வளைந்து கொடுக்கும் குழாய்) இல்லாமல் வெல்டிங் வைத்தால் எஞ்சின் ஆடுகிற ஆட்டத்தில் எக்ஸ்ட்ராக்டர் விரிசல் விடும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று தவறாகச் சொல்லும்.

"சத்தம் போட்டு ஊரைக் கெடுக்கிறதுக்கு இவ்வளவு பேச்சா" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். சத்தத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மோட்டார் வாகன இரைச்சலுக்கு 1987இலிருந்தே விதிமுறை இருக்கிறது, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடித்தால் சம்மன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நல்ல மப்ளரும் (சத்தம் அடக்கும் பெட்டி) கேட்டலிட்டிக்கும் (புகையைச் சுத்தம் செய்யும் கருவி) வைத்துக்கொண்டே பவர் எடுக்கலாம். பேச்சு அதைப் பற்றியது அல்ல.

பேச்சு அந்த 450 வெள்ளியைப் பற்றியது. அந்த ரசீதில் கேமின் விலையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ரிம் ஜோடிக்கும் ஸ்டிக்கருக்கும் கேட்ட விலையைக் கொடுக்கிறோம். டயல் கேஜை எடுத்து, எஞ்சினுக்குள் குனிந்து, முதுகு வலிக்க ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பிய மனிதனுக்குக் கூலி என்றதும் "ஏமாத்துறான்" என்கிறோம். அந்த டயல் கேஜ் அவர் காசில் வாங்கியது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த பெரியவர் போமன் (மெக்கானிக்) வேலை பார்த்தே கண் மங்கிப் போனவராக இருப்பார். இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் நம் பையன்கள் அளக்கக் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டார்கள். அளந்தால் காசு வராது, சீக்கிரம் மாட்டி அனுப்பினால் வரும் என்று ஆகிவிட்டது. பிறகு "நம்ம பட்டறையில் வேலை சரியில்லை" என்று நாமே வேறு ஆளிடம் போகிறோம். இது எனக்கு வலிக்கிறது, மறைக்கவில்லை.

வேறு இடத்தில் 200 வெள்ளிக்குச் செய்வார்கள் என்று எழுதியவருக்கு: செய்யட்டும். அளந்த எண்களைத் தாளில் எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள். டிடிசியிலிருந்து இன்டேக் உச்சம் எத்தனை டிகிரி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி எத்தனை மி.மீ., ஸ்பிரிங் மிச்சம் எவ்வளவு. எழுதித் தந்தால் அங்கேயே போங்கள்.

ரசீது போட்ட தம்பிக்கு ஒரே ஒரு விஷயம், வண்டி இப்போது உங்களிடம் இருக்கிறது என்பதால். முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினை 2000க்கும் 2500 ஆர்பிஎம்முக்கும் நடுவே 20 நிமிடம் ஓட்டினார்களா, ஐட்லில் விட்டார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். ஐட்லில் விட்டிருந்தால் வால்வ் கவரைத் திறந்து கேம் மூக்குகளில் கோடு விழுந்திருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டியிருந்தால் அந்த எண்ணெயை மாற்றுங்கள். 500 கிலோமீட்டரில் டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடுவது) சீட்டில் உள்ள அளவுக்கே மறுபடி வைக்கச் சொல்லுங்கள், பழைய ஸ்டாண்டர்ட் அளவுக்கு வேண்டாம். எக்ஸ்ட்ராக்டர் நட்டுகளை எஞ்சின் ஆறிய பிறகு முடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் கூலி கேட்பார்கள். கொடுங்கள்.