அது காலி நிலம் இல்லை

ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேற்று மட்டும் ஆறு பேர் போன் செய்து "இன்னா ஆச்சு, ஏன் பாதியில எழுந்து போயிட்டே" என்று விசாரித்தார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. என்னைவிட மூத்தவர், நிறைய ஊர் பார்த்தவர், அவர் மேல் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு. ஆனால் ராஜஸ்தானில் பாகிஸ்தான் எல்லையோரப் பாலைவனத்தைப் பற்றி மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது: "ஜெய்சல்மேர் பக்கம் போனா கோட்டை, சாம் மணல்மேடு, ரெண்டையும் கார் வெச்சு ரெண்டு நாள்ல முடிச்சிடுங்க. பார்டர் வரைக்கும் மத்ததெல்லாம் காலி நிலம். அதுல பஸ்ல சுத்துறது டைம் வேஸ்ட்." நான் எழுந்து, ஐயா நான் அந்த வழியாகப் பதினோரு நாள் பஸ்ஸிலேயே போய் வந்தேன், அங்கே நிறைய இருக்கிறது என்றேன். "பட்ஜெட் பிராப்ளமாம்மா?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. எனக்குத் தெரிந்த முகங்களும் சிரித்தன.

பட்ஜெட் பிரச்சினைதான், அதில் எனக்கு வெட்கமில்லை. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள் நான். ஆனால் கையில் இரண்டு மடங்கு பணம் இருந்திருந்தாலும் பஸ்ஸில்தான் போயிருப்பேன். காரணம் ஒன்றுதான், இந்தப் பதிவு முழுக்க அதையேதான் சொல்லப் போகிறேன்: அது காலி நிலம் இல்லை. அங்கே பஸ் ஓடுகிறது. ஆள் இல்லாத ஊருக்கு எந்த அரசாங்கமாவது தினமும் பஸ் விடுமா?

ஜெய்சல்மேரிலிருந்து எல்லையோர ஊரான தனோட்டுக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நான் போனது மத்தியானம் கிளம்பிய ராஜஸ்தான் அரசுப் பேருந்து, தை மாசக் குளிர். கூரைமேல் மாவு மூட்டை, வெங்காய மூட்டை, யாருடைய மோட்டாருக்கோ ஒரு பெல்ட், காலி பால் கேன்கள். உள்ளே என் காலடியில் ஒரு ஆட்டுக்குட்டி, தலையை என் செருப்பின் மேல் வைத்துக்கொண்டு ராம்கர் வரைக்கும் தூங்கியது. ராம்கர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மணலும் புதரும்தான், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு சுவர்கூட இல்லை. காரில் போயிருந்தால் நானும் கண்ணை மூடித் தூங்கியிருப்பேன். திடீரென்று கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் நின்றது. ஸ்டாப் இல்லை, போர்டு இல்லை, மரம்கூட இல்லை. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள், ஆரஞ்சுக் கலர் ஓட்னியை, அதாவது தலை முக்காட்டுத் துணியை, முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கவரில் மாத்திரையும் கக்கத்தில் ஒரு சிப்பமுமாக இறங்கினார். இறங்கி நேராக அந்த ஒன்றுமில்லாத மணலுக்குள் நடந்தார். டிரைவர் உடனே வண்டியை எடுக்கவில்லை, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடிவந்து சிப்பத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் கியர் போட்டார். அவன் வந்த திசையில் உற்றுப் பார்த்தேன். மேட்டுக்குப் பின்னால் மெல்லிசாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. அடுப்புப் புகை. அதைத்தான் அங்கே டாணி என்கிறார்கள், நாலைந்து வட்ட வீடுகள் சேர்ந்த குடியிருப்பு. தனோட் போய்ச் சேருவதற்குள் இப்படி ஏழு இடத்தில் நின்றது. ஏழையும் எண்ணினேன். காலி நிலம் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஏழு முறை ஆள் இறங்கினார்கள்.

இந்தத் தார்ப் பாலைவனம் உலகத்திலேயே ஜனம் அதிகமாக வாழ்கிற பாலைவனங்களில் ஒன்று. சும்மா வாழ்ந்துவிடவில்லை. மழை எப்போதாவது பெய்கிற பூமியில், சரிவில் ஓடிவரும் தண்ணீரைக் கரை போட்டு மறித்துத் தேக்கி, அது வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். கடீன் என்று பெயர். பாலிவால் பிராமணர்கள் பல நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவற்றில் இன்றைக்கும் விளைச்சல் எடுக்கிறார்கள். நம்ம ஏரிக் கரை மாதிரியேதான் இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கரையைப் பார்த்ததும் புரிந்துவிடும், யாரும் விளக்க வேண்டாம். அவர்கள் கும்பிடுகிற கேஜ்ரி மரம் வேறொன்றுமில்லை, நம்ம கோவில்களில் நிற்கிற வன்னி. அந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் சமூகத்துக்காரர்கள் 363 பேர் உயிரை விட்டார்கள். அதன் காய்தான் சாங்கரி, கேர் என்கிற இன்னொரு காயோடு சேர்த்துப் பொரியலாகச் செய்து கம்பு ரொட்டியோடு தருகிறார்கள். கம்பு. நம்ம கம்புதான். எனக்கு வீட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு முனையில் அடகுக் கடை வைத்திருக்கும் சேட்டு முப்பது வருஷமாக எங்களுக்குத் தெரிந்தவர். என் காலேஜ் பீஸுக்கு அம்மாவின் வளையல் மூன்று முறை அவர் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவர் ஊர் எது என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பயணத்துக்கு முன்னால் கேட்டேன். பாலோத்ரா பக்கம் என்றார். பெங்களூரில் ஏறி இரண்டு ராத்திரி ஸ்லீப்பர் பஸ்ஸில் ஜோத்பூர் போய், அங்கிருந்து பார்மர் பஸ் பிடித்து வழியில் பாலோத்ராவில் இறங்கினேன். ஊருக்குப் பக்கத்தில் லூனி ஆறு. கடலையே சேராத ஆறு, குஜராத்தில் கட்ச் ரண் என்கிற உப்புச் சதுப்பில் போய் முடிந்துவிடும். பாலோத்ரா தாண்டினால் தண்ணீர் உப்பு என்பார்கள். ஊர் முழுக்கச் சாயப்பட்டறை. பாலத்தில் நின்று பார்த்தேன். மணல், நடுவில் ஒரு கருநீலக் கோடு, அந்த நாற்றம். எனக்கு அந்த நாற்றம் தெரியும். தோல் கழிவு கலந்த பாலாற்றுக் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவள் நான். நம்ம ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினோம், ஆறு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. சேட்டு தன் ஊரில் ஒரு செத்த ஆற்றை விட்டுவிட்டு வந்து எங்கள் ஊரில் இன்னொரு செத்த ஆற்றங்கரையில் குடியேறியிருக்கிறார். திரும்பி வந்து போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சின்ன வயசுல இதுல குளிச்சிருக்கேன்மா" என்றார். கோட்டையையும் மணல்மேட்டையும் இரண்டு நாளில் முடித்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்குமா?

சரி, கூட்டம் முடிந்து சிலர் சொன்னதற்கு வருகிறேன். பொண்ணு தனியா பார்டர் பக்கம் பஸ்ஸில் போவது பாதுகாப்பா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். பயம் இருந்தது. போகும்போது அந்த ஸ்லீப்பர் பஸ்ஸை ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாபாவில் நிறுத்தினார்கள், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, பின்னால் இருட்டில் போய்க்கோங்க என்றார்கள். என்னோடு வந்த நான்கு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு போனோம். அதற்கப்புறம் விடிகிற வரைக்கும் தண்ணீர் குடிக்கவில்லை. பெர்த் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, துப்பட்டாவால் கட்டிவைத்துக்கொண்டு படுத்தேன். இதையெல்லாம் மறைத்து "அருமையான அனுபவம்" என்று எழுத என்னால் முடியாது. போகிற பெண்கள் பகல் பஸ்ஸைப் பிடியுங்கள், அரசுப் பேருந்தில் முன் சீட்டில் உட்காருங்கள், ஆதாரைக் கையிலேயே வைத்திருங்கள், தனோட்டுக்கு அப்புறம் எல்லைக் கம்பி வரைக்கும் போக வேண்டுமென்றால் எல்லைப் பாதுகாப்புப் படையிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். ஆனால் ஒன்று. நான் பயந்த இடம் எல்லை இல்லை, பளபளக்கிற ஹைவே. எல்லைப் பக்கத்து பஸ்ஸில் எனக்கு ஒருத்தர் போர்வை கொடுத்தார், ஒருத்தர் சீட்டை விட்டுக்கொடுத்தார். மாங்கணியார் பாட்டுக்காரர் ஒருத்தர் மடியில் கமாய்ச்சா என்கிற நரம்பு வாத்தியத்தைத் துணி சுற்றி வைத்துக்கொண்டு, நான் மெட்ராஸ் பக்கம் என்று தெரிந்ததும் போக்ரான் வரைக்கும் மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தார். முஸ்லிம், தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேறுக்கும் பாடுகிற குடும்பம். அதை டிக்கெட் போட்டு மேடையில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் பஸ்ஸில் கேட்டேன்.

இந்தி தெரியாமல் எப்படி என்று ஒருத்தர் கேட்டார். எனக்கு எண்ணும், தண்ணியும், எவ்வளவும் தெரியும். போதும். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

வயசானவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள் காரில்தான் போக முடியும் என்கிறீர்கள். போங்களேன், யார் வேண்டாம் என்றது? நான் காரைத் திட்டவே இல்லை. காரில் போய்ப் பார்க்காததை எல்லாம் "இல்லை" என்று மைக்கில் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஒரு இடத்தை ஒருத்தர் பார்க்கவில்லை என்றால் அந்த இடம் காலி ஆகிவிடுமா?

இதில் எனக்கு இவ்வளவு கோபம் ஏன் வருகிறது என்று நானே யோசித்தேன். நம்ம ஊரைப் பற்றியும் இதையேதானே சொல்கிறார்கள். "வேலூரா, அங்க என்ன இருக்கு? வெயிலும் ஆஸ்பத்திரியும்தானே." மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மை வைத்துப் பழமொழியே இருக்கிறது. சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு நாமும் சிரிக்கப் பழகிவிட்டோம். 1806 ஜூலை 10 விடியற்காலையில் அந்தக் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்களே, அதைக் காரை நிறுத்தி அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட முடியுமா? காந்தி ரோடு லாட்ஜில் மாதக்கணக்கில் அடுப்பு வாடகைக்கு எடுத்துச் சமைத்துக்கொண்டு, கையில் பைலோடு சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வங்காளிக் குடும்பங்களைக் கேளுங்கள், வேலூரில் என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். எந்தச் சந்தில் மீன் நல்லா இருக்கும், எந்தக் கடையில் கடன் தருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஓர் ஊரில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அந்த ஊர் தெரியும். நமக்கே இப்படிச் சொல்லி வலித்திருக்கும்போது, நாமே இன்னொருத்தர் ஊரைப் பார்த்து அங்க ஒண்ணும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் பெரியம்மா. அவரை நான்தான் கூட்டிப் போனேன். "பெரியப்பா இருந்த ஊரைப் பத்திப் பேசப் போறாங்க, வா" என்று சொல்லிக் கூட்டிப் போனேன். எங்கள் பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர். கம்மவான்பேட்டை பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அங்கே வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருப்பது புதுசில்லை. தனோட் பக்கத்து லோங்கேவாலாவில் 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா அதற்கு ரொம்பப் பிந்தி அந்தப் பக்கம் போனவர், சண்டை எதுவும் பார்க்காதவர், அவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. மூன்று வருஷம் அந்த மணலில் காவல் நின்றார், அவ்வளவுதான். அவர் அனுப்பிய இன்லண்ட் லெட்டரைப் பிரித்தால் மடிப்பிலிருந்து மணல் உதிரும். பெரியம்மா அதைக் கீழே விடாமல் உள்ளங்கையில் பிடித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பார். ஒரு விரல் உயரத்துக்கு இன்னும் இருக்கிறது. பெரியப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நான் தனோட் வரைக்கும் பஸ் பிடித்துப் போனதே அந்தப் பாட்டிலுக்காகத்தான்.

கூட்டத்திலிருந்து எழுந்து வந்து கணியம்பாடி பஸ் ஏறினோம். பாகாயம் தாண்டுகிற வரைக்கும் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இன்னாமா, அவரு இருந்த எடத்துல ஒண்ணுமே இல்லியா? மனுசங்களே இல்லாத எடத்துலயா மூணு வருசம் இருந்தாரு?" என்று கேட்டார்.

அந்த ஆரஞ்சு ஓட்னி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்ததையும், மேட்டைத் தாண்டி ஓடிவந்த பையனையும், புகையையும் சொன்னேன். பெரியம்மா, "அப்ப அவருக்கு மோர் கீர் யாராவது குடுத்திருப்பாங்க இல்ல?" என்றார். குடுத்திருப்பாங்க பெரிம்மா என்றேன்.