என்னை உள்ளே விடுவாங்களா?

"நூலகம்னா படிச்சவங்க போற எடம். என்னை உள்ளே விடுவாங்களா?"

போன சனிக்கிழமை காலை பெரியம்மா தொலைபேசியில் கேட்டது இது. அவருக்கு 75 வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினான்கு வயதில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்ட ஆரம்பித்தவர், தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்யச் சொன்ன நாள் வரைக்கும் வெட்டினார். கோலாலம்பூருக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக்குக் காய்கறி வாங்கவும் சேலை எடுக்கவும் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார். ஒரு நூலகத்தின் வாசற்படியை மிதித்ததில்லை.

"விடுவாங்க பெரியம்மா. அது நம்ம வரிப்பணத்துல நடக்குறது. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நகரில் உள்ள ஒரு பொது நூலகத்தின் சின்ன அறையில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். மலாயாத் தமிழர்களின் தொழிலாளர் வரலாறுதான் பேச்சு. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு பழைய ஆவணத்தையோ செய்தித்தாள் துண்டையோ எடுத்துக்கொள்வோம். ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம், அப்புறம் பேசுவோம். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் வருவதால் நடுநடுவே மலாயில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். போன சனிக்கிழமை வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது 1941 கிள்ளான் வேலைநிறுத்தம். கோலாலம்பூருக்கு அருகே உள்ள கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலைக்கு இறங்க மறுத்து நின்ற மாதங்கள் அவை. அவர்களை ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன். தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை, இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் படிக்கும் ஒரு பையன் ஒவ்வொன்றாக வாசித்தான். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமார்களை, அதாவது தோட்டத்து அலுவலர்களை, மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். எங்கள் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும். சொந்தக்காரர்கள் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வர அனுமதிக்க வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர்கள், அடுத்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். துரைமார்களுக்கும் கிராணிமார்களுக்கும் எதிரே நாங்கள் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும்.

பையன் படிப்பதை நிறுத்திவிட்டு, "இது நெஜமா ஆண்ட்டி? சைக்கிள்ல போறதுக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. காரணம் என் தாத்தா.

எண்பதுகளில் அவர் என்னை சைக்கிளின் பின்னால் வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போவார். தோட்டத்துச் செம்மண் சாலையில் கார் ஒன்று எதிரே வந்தால் போதும், சட்டென்று இறங்கி ஓரமாக நின்றுவிடுவார். நானும் இறங்க வேண்டும். கார் போன பிறகுதான் ஏறுவோம். தோட்டத்தில் மட்டுமில்லை. கிள்ளான் பட்டணத்தில் டை கட்டிய ஒருவர் நடந்து வந்தால்கூட இறங்கிவிடுவார். அந்தக் காலத்தில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. வகுப்புப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். தாத்தாவுக்குப் பயந்த சுபாவம் என்று நினைத்து எனக்கு அவர்மேல் கோபம்கூட இருந்தது. "ஏன் தாத்தா எறங்குறீங்க?" என்று கேட்டதற்கு, "பழகிப்போச்சும்மா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டார். 1996இல் இறந்தார்.

அந்தச் சின்ன அறையில் பெரியம்மா பேச ஆரம்பித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "எங்க அப்பாவுக்கு அப்போ பத்தொன்பது வயசு. ஸ்ட்ரைக்ல இருந்தாரு. லாரியில பட்டாளம் வந்து எறங்கினதும் ரப்பர் காட்டுக்குள்ள ஓடி ரெண்டு ராத்திரி கெடந்தேன்னு ஒரே ஒரு தடவ எங்கிட்ட சொன்னாரு. இத யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லல" என்றார்.

1941 மே மாதம் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். இந்தத் தகவல்கள் புத்தகங்களில் இருக்கின்றன. நானும் படித்திருக்கிறேன். ஆனால் என் தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பது என் 50 வயதில், போன சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்று சொல்லி நின்ற மனிதர் அவர். தோற்ற பிறகு வாழ்நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தார். அவரைக் கோழை என்று நினைத்த பிள்ளை நான். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த மாதிரி கூட்டங்கள் பொது நூலகங்களில் நடக்க வேண்டும். தொடர்ந்து, தமிழில், நம் ஆட்கள் உட்காரும்படி நடக்க வேண்டும்.

மண்டபத்தில் வைக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மண்டபத்தில் வைத்துத்தானே இத்தனை காலம் பார்த்தோம்? குத்துவிளக்கு ஏற்ற ஒருவர், மாலை போட ஒருவர், பிரமுகருக்காக ஒரு மணி நேரக் காத்திருப்பு, நன்றியுரை, சாப்பாடு. அதில் பேசப்படும் வரலாறு பெரும்பாலும் யார் கட்சியில் யார் தலைவராக இருந்தார் என்பதோடு முடிந்துவிடும். என் பெரியம்மா அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வந்திருக்கிறார். அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கோயில் மண்டபம் நமக்குப் பழகிய இடம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்காலிகளை மடக்கி வைத்ததும் அங்கே எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பையனுக்கு மறுநாள் காலையில் ஒரு சந்தேகம் வந்தால் எங்கே போவான்? நூலகம் மறுநாளும் திறந்திருக்கும். அலமாரியில் புத்தகம் இருக்கும். ஒருவர் சொன்னது சரியா தப்பா என்று அவனே எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நூலகத்துக்குள் நுழைவதே ஒரு காலத்தில் உரிமைப் போராட்டமாக இருந்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா என்று ஒரு நகரம். அங்கே பொது நூலகத்தில் கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லை. 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் அலமாரியிலிருந்து ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்து அமைதியாகப் படித்தார்கள். போலீஸ் வந்து அவர்களைப் பிடித்துப் போனது. இதைத் திட்டமிட்டவர் சாமுவேல் டக்கர் என்ற 26 வயது வழக்கறிஞர். நகராட்சி அடுத்த வருடமே கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டியது. அதன் அட்டையை வாங்க டக்கர் மறுத்துவிட்டார். 1961 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் இதே மாதிரி நூலகத்தில் உட்கார்ந்து படித்ததற்காகக் கைதானார்கள். அந்தக் காலத்து நிறப்பாகுபாட்டுக்காக அமெரிக்க நூலகச் சங்கம் 2018இல் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. இன்றைக்கு அந்த நாட்டு நூலகங்களில் பிப்ரவரி மாதம் வந்தால் கறுப்பின வரலாறு பற்றிய வாசிப்புகளும் உரையாடல்களும் நடக்கின்றன. அலெக்சாண்ட்ரியா நூலகமே அந்த ஐந்து பேரை நினைவுகூர்கிறது.

நம் நூலகங்களின் வாசலில் யாரும் நம்மைத் தடுக்கவில்லை. அப்படியும் பெரியம்மா "என்னை உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைத் தாத்தாவின் சைக்கிளை நினைத்தால் தெரியும்.

இந்த அறை கிடைப்பதற்கு முன்னால் வேறொரு இடத்தில் கேட்டோம். பெயர் வேண்டாம். "தீபாவளிக்குக் கோலம், முறுக்குச் செய்முறை, பரதநாட்டியம் என்றால் தாராளமாகச் செய்யலாம். இது கொஞ்சம் அரசியல் மாதிரி இருக்கிறதே" என்றார்கள். கோலமும் நம்முடையதுதான், அதற்கும் கூட்டம் வரட்டும். ஆனால் இந்த நாட்டில் தமிழர் என்றால் கோலமும் முறுக்கும் மட்டும்தானா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டதும் நோயாளிக்கு மருந்து கேட்டதும் நம் வரலாறுதான். அதுவும் மலேசிய வரலாறுதான். அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்திருந்த சீன நண்பர் ஒருவர் முதல் கோரிக்கையைக் கேட்டதும், தன் பாட்டியும் ரப்பர் மரம் வெட்டியவர் என்றார். ஒரே மரத்துக்கு இரண்டு கூலி இருந்தது அவருக்கும் புதுச் செய்தி.

அடுத்த மாதம் எஸ். ஏ. கணபதியைப் பற்றிப் பேசப்போகிறோம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசாங்கம் கருணை கேட்டும் பலனில்லை. அவருடைய தோழர் வீரசேனன் அதற்கு முந்தின நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். புடு சிறையை இடித்துவிட்டார்கள், நுழைவாயில் மட்டும் நிற்கிறது. அந்த நிலத்தில் இன்று பெரிய பேரங்காடி இருக்கிறது. நம் பிள்ளைகள் வார இறுதியில் அங்கே போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள். போகட்டும், சந்தோஷமாகப் போகட்டும். ஆனால் எந்த மண்ணில் நிற்கிறோம் என்பதை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா? கணபதியின் வழி சரியா தப்பா என்று அங்கே விவாதம் வரும். வரட்டும். அதற்குத்தான் மேசையும் நாற்காலியும்.

அதற்கடுத்த மாதம் பெண்கள். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்த இருவர். ஜானகி ஆதி நாகப்பன் பிறகு ம.இ.கா.வை, அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியை, தொடங்கியவர்களில் ஒருவரானார். ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கேட்டுப் போராடினார். இன்று பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு ஆசிரியையும் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது.

ஆவணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. இங்கே அச்சாகும் நூல்களை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, தமிழ் நூல்களுக்கும் அதே சட்டம்தான். தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 'தமிழ் முரசு' பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிஸ்கட் டின்னில் கிடக்கும் சம்பளச் சீட்டு, தோட்டத்து அடையாள அட்டை, லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், எதுவானாலும் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். எல்லாவற்றையும்விட உங்கள் பாட்டியைக் கூட்டி வாருங்கள். தாத்தாவிடம் நான் கேட்கத் தவறிய கேள்விகளை யாராவது அவரிடம் கேட்கட்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் எழுதி 1931இல் வெளியிட்டார். அதில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். பெரியம்மாவுக்குரிய நூல் எது என்று யோசித்தேன். அவர் சொல்ல, யாராவது கேட்டு எழுதினால்தான் அது உண்டாகும். அந்தப் படிவம் நான்கு பையன் அடுத்த மாதம் அவரைப் பதிவு செய்யக் கைப்பேசியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது பெரியம்மா முகப்பு மேசை அருகே நின்றார். "அந்த அட்டை எனக்கும் குடுப்பாங்களா?" என்றார். மேசையில் இருந்த மலாய்ப் பெண் சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தார். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினார். தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லத்தரசி என்று போட்டுவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டு மலாயில் சொன்னார்: "பெனோரே கெத்தா." பால்மரம் வெட்டுகிறவள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, அப்படியே எழுதினார்.