வில்லிஸ் என்று எதை அழைப்பது?

போன மாதம் நண்பர் ஒருவருக்காகப் போடியில் ஒரு ஜீப்பைப் பார்க்கப் போயிருந்தேன். '1944 வில்லிஸ், அசல்' என்று சொல்லித்தான் விலையையே ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு ஜீப் செய்த கம்பெனி வில்லிஸ். தூரத்திலிருந்து பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ராணுவப் பச்சை, முன்னால் மடிகிற கண்ணாடிச் சட்டம், கிரில்லில் ஒன்பது துளைகள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதேதான். போருக்குப் பிறகு வில்லிஸ் பொதுமக்களுக்குச் செய்த ஜீப்புகளில் ஏழுதான் இருக்கும். நம்பிக்கை வந்துவிட்டது.

டார்ச்சை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு அடியில் படுத்தேன். போர்க்கால வில்லிஸ் என்றால் அந்த இடத்தில் சேசிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டகத்தின், குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருக்க வேண்டும். அதே காலத்தில் ஃபோர்டு செய்த ஜீப் என்றால் கவிழ்த்து வைத்த தகர வாய்க்கால் மாதிரி இருக்கும். இங்கே இரண்டுமே இல்லை. இரும்புக் கடையில் கிடைக்கும் சதுரக் குழாயை வெட்டிப் பற்றவைத்திருந்தார்கள். வெல்டிங் தழும்பின் மேல் பச்சைப் பெயிண்ட் புதிதாகப் பளபளத்தது. டேப் பிடித்தால் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 94 அங்குலம். வில்லிஸுக்கு 80. லீஃப் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காயில் ஸ்பிரிங், ஆக்சில்கள் வேறொரு வண்டியுடையவை, என்ஜின் டீசல். பானெட்டும் கிரில்லும் மட்டுமே பழையவை.

இதில் வில்லிஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அந்தப் பேரைப் போடாவிட்டால் இந்த விலையை யார் தருவார்கள்?" என்றார் விற்க வந்தவர். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை.

மாற்றம் செய்வதையே குற்றமாகப் பார்க்கிறவன் அல்ல நான். எங்கள் வீட்டில் நிற்பது ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540. அப்பா ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி. அதோடு வந்த 2112 சிசி பிஜோ டீசல் என்ஜின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கியதும், முறையாக அனுமதி வாங்கி மஹிந்திராவின் டி.ஐ. என்ஜினைப் பொருத்தினார். துருவுக்குப் பலியாகி பாடி இரண்டு முறை மாறியது. ஸ்டீயரிங் மாறியது, சீட் எத்தனை முறை மாறியது என்று கணக்கே இல்லை. ஆனால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்குப் போகும் முன்பு அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் சேசிஸைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலைத் தேய்ப்பார். கம்பெனியில் அன்று குத்திய அதே சேசிஸ் எண் கறுப்பு நிழலாக எழுந்து வரும். அதனால் அது அப்பாவின் ஜீப். போடியில் பார்த்த சதுரக் குழாயில் பென்சிலைத் தேய்க்க எதுவும் இல்லை.

என்ஜின், கியர் பாக்ஸ், பாடி எல்லாம் மாறலாம். சேசிஸ் இருக்கும்வரை அந்தக் கம்பெனியின் பெயருக்கு வண்டி உரியது. சேசிஸைத் தூக்கி எறிந்துவிட்டால் பெயரையும் கழற்றிவிட வேண்டும். இதுதான் என் கட்சி.

ஜீப்பே ஒரு கலவைதானே என்று இதற்கு எதிராக வாதிடுவார்கள். உண்மைதான். 1940-இல் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பாண்டம் என்ற சிறிய கம்பெனி. 60 குதிரைத்திறன் என்ஜின் வில்லிஸுடையது. இன்று உலகமே ஜீப்பின் முகம் என்று நினைக்கும் அந்தத் தகடு வெட்டிய கிரில், ஃபோர்டு வடிவமைத்து 1942-இல் வில்லிஸ் எடுத்துக்கொண்டது. தன் பாகங்களில் ஃபோர்டு 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. போல்ட் தலையைக்கூட விடவில்லை. ராணுவப் பட்டறைகளோ கையில் கிடைத்ததை மாட்டி வண்டியை ஓட்டின. அப்படிக் கலந்துபோன வண்டிகளில்கூட எது வில்லிஸ், எது ஃபோர்டு என்று தீர்மானிக்க, விவரம் தெரிந்தவர்கள் இன்றும் பார்ப்பது சேசிஸைத்தான். பாகங்கள் கலந்தது ஒரே வரைபடத்தில் பிறந்த இரட்டையருக்குள். புதிதாக வெட்டி ஒட்டிய சட்டத்தின் மேல் பழைய பானெட்டைக் கவிழ்ப்பதை அதோடு சேர்க்க முடியாது.

நாட்டின் சட்டம் என்னைவிடக் கண்டிப்பானது. ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சாலையில் மற்றவர்களும் வருகிறார்கள் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

கிளம்பும்போது அந்த வண்டியைக் கட்டிய மேஸ்திரி பட்டறை வாசலில் நின்றிருந்தார். பின் ஆக்சிலை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு கம்பிகள், அவற்றின் கோணம், பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது மறுசக்கரம் தரையை விடாமல் இருக்க எந்த நீளம் வேண்டும் என்று அரை மணி நேரம் வரைந்து காட்டினார். அத்தனையும் அவர் தலையில் பிறந்தது. அந்த வண்டியைச் சுற்றி இன்னொரு முறை நடந்தேன். அவர் பெயர் எங்கும் இல்லை.