அந்த ஆபீஸ் எந்த ஸ்டூடண்ட்ஸுக்கு?

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க வந்தவன். பாடக் கையேட்டில் 'நிறுவனப் பயிற்சி உண்டு' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் கையில் இருந்த வேறு இரண்டு இடங்களை விட்டுவிட்டு இங்கே பணம் கட்டினான். ஜனவரியில் ஒரு மெயில் வந்தது. துறையைச் சீரமைக்கிறோம், இந்த ஆண்டு பயிற்சி கிடையாது, பதிலாக வகுப்புக்குள்ளேயே ஒரு புராஜெக்ட். பாடம் நடத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிய பணத்தைப் பற்றி மெயிலில் பேச்சே இல்லை.

"மாமா, ஆபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்னு ஒண்ணு இருக்காமே. பேர்லயே ஸ்டூடண்ட்ஸ் இருக்கு. அவங்களுக்கு எழுதினா என்ன?"

எழுதலாம் என்றேன். இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது. முதலில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தோம். தனி மாணவரின் புகாரை நாங்கள் தீர்த்துவைப்பதில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தகவல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், பல்கலைக்கழகத்தைக் கண்காணிக்க அது உதவும், அவ்வளவுதான். பையன் என் முகத்தைப் பார்த்தான். "அப்ப அந்த ஆபீஸ் எந்த ஸ்டூடண்ட்ஸுக்கு?"

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அவனுக்காக உட்கார்ந்து படித்ததில் கொஞ்சம் புரிந்தது. புரிந்ததும் கோபம் கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம் கூடியது.

முன்பு இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு நிதிக்குழு இருந்தது. 1992-இல் வந்த அமைப்பு. 2012-இல் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டுக்கு ஏறியதும் பெரும்பாலான பணம் மாணவர் தலையில் ஏறி வர ஆரம்பித்தது. பணம் கொடுப்பவர் மாறினால் காவல்காரரும் மாறவேண்டும் அல்லவா? 2017-இல் உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. 2018 ஜனவரி 1 அன்று ஆபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ் பிறந்தது. பிறந்த வாரமே வம்பு. அதன் குழுவில் பத்திரிகையாளர் டோபி யங்கைப் போட்டார்கள். அவருடைய பழைய ட்வீட்டுகளை ஊரே தோண்டி எடுக்க, ஒன்பதாம் தேதி அவர் விலகிவிட்டார். மாணவர் நலனுக்கென்று தொடங்கிய கடைக்கு முதல் போணி இப்படி.

அதன் முதல் தலைவர் மைக்கேல் பார்பர் அந்த ஆண்டின் இறுதியில் ஒன்றைச் சொன்னார்: மூழ்குகிற பல்கலைக்கழகத்தைக் காசு கொடுத்துக் காப்பாற்ற மாட்டோம். பலருக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. தப்பாக நடத்தும் நிறுவனம் மூடப்படட்டும், உள்ளே படிக்கிற பிள்ளை நடுத்தெருவில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது நியாயமான கணக்குதான். சிக்கல் அந்த 'பார்த்துக்கொண்டால்' என்ற சொல்லில் இருக்கிறது.

இவர்களிடம் ஒரு பதிவேடு உண்டு. அதில் பெயர் இருந்தால்தான் அந்த நிறுவனத்தின் மாணவருக்கு அரசுக் கல்விக்கடன் கிடைக்கும். பதிவேட்டில் நீடிக்க நிபந்தனைகள் உண்டு. முழுநேர இளநிலைப் படிப்பில் 80 சதவீதம் பேராவது முதல் வருஷத்தைத் தாண்டித் தொடரவேண்டும், 75 சதவீதம் பேர் முடிக்கவேண்டும், 60 சதவீதம் பேர் நல்ல வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகவேண்டும். கணக்குவழக்கையும் நிர்வாகத்தையும் பார்க்கிறார்கள். இவை எல்லாம் கூட்டத்தைப் பார்க்கும் கண்கள். ஆயிரம் பேரில் ஒருவனுக்கு என்ன ஆயிற்று என்பது சதவீதத்தில் தெரியாது.

அந்த ஒருவனுக்காக இருக்கும் காகிதம் 'மாணவர் பாதுகாப்புத் திட்டம்'. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் ஒன்று எழுதி, ஒப்புதல் வாங்கி, வெளியிட வேண்டும். படிப்பு மூடினால், வளாகம் மூடினால், நிறுவனமே மூடினால் உன்னை என்ன செய்வோம் என்று அதில் சொல்லவேண்டும்.

பையனுடைய பல்கலைக்கழகத்தின் திட்டத்தைத் தேடி எடுத்தோம். சேர்க்கைப் பக்கத்தில் இல்லை, மாணவர் பக்கத்திலும் இல்லை. நிர்வாகம், கொள்கைகள், இதர ஆவணங்கள் என்று மூன்று படி இறங்கிப் போனால் ஒரு பி.டி.எஃப். 'ஆபத்து குறைவு' என்று வரிசையாக வருகிறது. படிப்பு மூடும் ஆபத்து குறைவு, வளாகம் மூடும் ஆபத்து குறைவு, ஆசிரியர் இல்லாமல் போகும் ஆபத்து மிகக் குறைவு. அப்படியே நடந்துவிட்டால் 'நியாயமான எல்லா நடவடிக்கையும்' எடுப்பார்களாம். அதில் பவுண்டு என்ற சொல்லையே காணோம். கீழே இருந்த தேதி, அவனுடைய துறையைக் கலைக்க முடிவெடுப்பதற்கு மூன்று வருஷம் முந்தையது. பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, பெரிய விபத்துக்காவது ஏற்பாடு இருக்கிறதா? 2019 ஜூலை கடைசியில் ஜி.எஸ்.எம். லண்டன் என்ற தனியார் கல்லூரி செப்டம்பரோடு மூடுகிறோம் என்று அறிவித்தது. சுமார் 3,500 மாணவர்கள். அதற்கப்புறம் 2021 ஏப்ரலில் ஒரு புது நிபந்தனை வந்தது. ஒரு நிறுவனம் விழப்போகிறது என்று தெரிந்தால், மாணவருக்காக இன்னின்ன செய் என்று முன்கூட்டியே உத்தரவு போடலாம். நல்ல அதிகாரம்தான். ஆனால் உத்தரவு போடலாம், பணம் எங்கிருந்து வரும்? இங்கே தொழிற்கல்வி தரும் கல்லூரி திவாலானால், முதலில் மாணவர் நலனைப் பார் என்று சொல்லும் தனிச் சட்ட ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான 2017 சட்டத்தில் அப்படி ஒன்றை வைக்கவில்லை. விழுந்தால், முன்பணம் கட்டிய மாணவனும் மேசை நாற்காலி விற்றவனும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

இதை வெறும் கற்பனைப் பயம் என்று தள்ளவும் முடியாது. 2024-25-இல் 43 சதவீத நிறுவனங்கள் பற்றாக்குறையில் ஓடும் என்று 2025 மே மாதம் சொன்னது இதே ஆபீஸ்தான். அதற்கு முந்தைய டிசம்பரில், நிதி நெருக்கடியைக் கவனிக்கவேண்டும் என்று புதிய பதிவுகளையே சில மாதம் நிறுத்திவைத்தார்கள்.

இதில் நம் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். உள்ளூர் இளநிலை மாணவருக்கு 2025-26-இல் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு வரம்பே கிடையாது. படிப்பு நின்றுபோனால் உள்ளூர்ப் பிள்ளை வேறு இடம் தேடும்வரை அம்மா வீட்டில் இருக்கலாம். விசாவில் இருப்பவருக்கு வேறு இடம் தேடவோ நாட்டை விட்டுப் போகவோ வழக்கமாக 60 நாள். 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமம் பறிக்கப்பட்டபோது 2,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் இந்த நிலைக்கு வந்தார்கள். அப்போது இந்த ஆபீஸ் இல்லை, சரி. ஆனால் நாங்கள் எடுத்த பி.டி.எஃப்.பில் விசா என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வந்தது: 'உரிய ஆலோசனை வழங்கப்படும்'.

தனிப் புகாருக்கு வேறு இடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆஃபீஸ் ஆஃப் தி இண்டிபென்டன்ட் அட்ஜூடிகேட்டர், சுருக்கமாக ஓ.ஐ.ஏ. கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே புகார் கொடுத்து முடிக்கவேண்டும். அதற்கு 90 நாள் வரை ஆகலாம். அது முடிந்ததற்கு ஒரு கடிதம் தருவார்கள், கடித நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ.வுக்குப் போகலாம். மூன்று வருஷப் படிப்புக்கு இது சரிப்படும். ஓராண்டு எம்.எஸ்சி.க்கு? பையன் மார்ச்சில் புகார் கொடுத்தான். ஜூனில், ஆய்வறிக்கை எழுதும் நேரத்தில், 'நல்லெண்ண அடிப்படையில்' 750 பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். கட்டியது 18,000. வாங்கிக்கொண்டான். சண்டை போட அவனுக்கு நேரம் இல்லை, அது அவர்களுக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இதைப் படித்தால் அடிக்க வருவார்கள். ஏற்கெனவே இந்த ஆபீஸுக்குப் படிவம் நிரப்பியே கை ஓய்ந்துவிட்டது என்பார்கள். 2023 செப்டம்பரில் பிரபுக்கள் அவைக் குழு ஒன்றும் இந்த ஆபீஸை நன்றாகவே காய்ச்சியது. மாணவர் நலன் என்று சொல்லிக்கொண்டு அரசாங்கத்தின் மனம்போல நடக்கிறது என்பது அதில் ஒரு குறை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் புகார்களை ஒவ்வொன்றாக இவர்களே தீர்க்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அது நடக்கிற காரியமா?

ஆனால் மனம் வைத்தால் இவர்களால் முடியும் என்பதற்கு 2025 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த பாலியல் துன்புறுத்தல் விதியே சாட்சி. கொள்கையும் உதவியும் எல்லாம் தெளிவாக ஒரே இடத்தில் இருக்கவேண்டும், பாதிக்கப்பட்டவரின் வாயை ஒப்பந்தம் போட்டு அடைக்கக்கூடாது என்று கறாராக எழுதினார்கள். இதையே பாதுகாப்புத் திட்டத்துக்கும் செய்யட்டும். சேர்க்கைக் கடிதத்தோடு ஒரே பக்கத்தில் வரவேண்டும். சொன்ன பயிற்சி இல்லை என்றால் எத்தனை பவுண்டு திரும்ப வரும் என்று எண்ணில் இருக்கவேண்டும். விசா மாணவருக்குத் தனி வரி. ஓராண்டுப் படிப்பின் புகாருக்கு 30 நாள். இதற்கெல்லாம் புதுச் சட்டமே வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் நண்பரின் மகளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. டெபாசிட் கட்டும் முன் அந்தத் திட்டத்தைக் கேட்டு ஒரு மெயில் போடும்மா என்றேன். போட்டாள். நேற்றுப் பதில் வந்தது: 'உங்கள் கேள்வியை உரிய துறைக்கு அனுப்பியிருக்கிறோம், பத்து வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம்.' டெபாசிட் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.