பனிக்கரடியை விடுங்கள், சட்டத்தை வரையுங்கள்

காலநிலைச் சட்டம் பற்றி ஒரு போஸ்டர் வேண்டும் என்று யாராவது கேட்டால் எங்கள் டிசைனர் கூட்டம் முதலில் தேடுவது பனிக்கரடியைத்தான். கரடி கிடைக்காவிட்டால் வெடித்த நிலம், அதுவும் இல்லையென்றால் இரண்டு கைகளுக்குள் ஒரு பூமி, மேலே ஒரு பச்சை இலை. நானும் செய்திருக்கிறேன், ஒன்றிரண்டு இல்லை. பார்ப்பவருக்கு ஏதோ ஆபத்து என்று புரியும், ஆனால் சட்டம் யாரை, எந்தத் தேதிக்குள், என்ன செய்யச் சொல்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் மருந்துக்கும் இருக்காது.

பிரிட்டனின் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-ல் வெளியிட்ட வெப்பக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு கோடு, நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும், எண்ணும் இல்லை, வரைபட அச்சும் இல்லை. பொறாமைப்பட வைக்கிற வேலை. ஆனால் அது காய்ச்சலைக் காட்டுகிற படம். சட்டம் மருந்துச் சீட்டு, அதை வரையத்தான் ஆள் இல்லை.

கார்பன் உமிழ்வுக்கு நாடுகள் வைக்கும் '2050-க்குள் நிகர பூஜ்ஜியம்' என்கிற இலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிதாக 2050 என்று போட்டுக் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி, போஸ்டர் முடிந்தது. சரி, ஒரு தாளில் ஆண்டுதோறும் உமிழும் அளவைக் காட்டும் இரண்டு கோடு போட்டுப் பாருங்கள். இரண்டும் இன்றைய அளவில் தொடங்கி 2050-ல் பூஜ்ஜியத்தைத் தொடட்டும், ஆனால் ஒன்று இப்போதே சரியத் தொடங்க, இன்னொன்று 2045 வரை மேலேயே போய்க் கடைசி ஐந்து வருடத்தில் தொப்பென்று விழட்டும். இப்போது இரண்டுக்கும் கீழே உள்ள பரப்பைப் பென்சிலால் தீட்டுங்கள், பென்சில் தேய்வதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் சேர்ந்துகொண்டே போகிற சரக்கு, அதனால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதைக் கோடு எங்கே முடிகிறது என்பதைவிட அந்தத் தீட்டிய பரப்புதான் முடிவு செய்கிறது. பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு கார்பன் பட்ஜெட், அதாவது அந்த ஐந்து ஆண்டில் மொத்தமாக இவ்வளவுதான் உமிழலாம் என்ற வரம்பு, வைக்கிறதே, அது கைவைப்பது இந்தப் பரப்பின் மேல்தான். வக்கீல் நடையில் படித்தால் தூக்கம் வரும். அதே படத்தில் பரப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்சவரம்பு போட்டால் ஒரு நிமிட வேலை. ('நிகர' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும், மிச்சப் புகையை உறிஞ்சிச் சரிக்கட்டும் கணக்கு தனிக்கதை. கோட்டை அப்படியே பூஜ்ஜியத்தில் இறக்கிவிட்டால் அது மறைந்துபோகும்.)

சில இடங்களில் டிசைனே சட்டமாகவும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினில் ஒட்டும் ஏ முதல் ஜி வரையிலான மின்சிக்கன லேபிளுக்கு எந்த நிறம், எத்தனை மில்லிமீட்டர், எந்த எழுத்துரு என்று விதியின் இணைப்பிலேயே எழுதியிருக்கிறது. இயந்திரங்கள் மேம்பட மேம்பட ஏ-வுக்கு மேலே ஏ பிளஸ், அப்புறம் மூன்று பிளஸ் என்று ஒட்டிக்கொண்டே போனார்கள், கடைசியில் எல்லாரும் முதல் வகுப்பு. 2021 மார்ச்சில் அதைக் கலைத்துப் பழையபடி ஏ-யிலிருந்து ஜி என்று ஆக்க வேண்டியதாயிற்று.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒற்றைச் சொல் விவகாரம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவில், உமிழ்வைக் குறைப்பதில் வளர்ந்த நாடுகள் முன்னே நிற்பது பற்றிய இடத்தில் ஆங்கில வரைவில் 'ஷல்' (shall) என்றிருந்தது. கடைசி நாளில் அமெரிக்கா மறுக்க, அது 'ஷுட்' (should) ஆனது. முன்னது கட்டளை, பின்னது அறிவுரை. தமிழில் இரண்டுமே 'வேண்டும்' என்றுதான் வந்து நிற்கிறது! சொல் கைவிட்டதை எழுத்துருவாவது காட்டட்டும் என்று, கட்டளைக்குத் தடித்த கறுப்பு, அறிவுரைக்கு வெறும் புள்ளிக்கோட்டு எழுத்து என்று ஒரு தாள் செய்தேன். முதலில் பார்த்த நண்பர் கேட்டார்: "இங்க மட்டும் மை சரியாப் பிடிக்கலையா?"